பத்திலிருந்து பிடி

“அப்ப ரெண்டுல எது? சொல்லு தம்பி. நாலு மணிக்கு இரும்பை அறுக்கிற கேஸ் கட்டிங்காரர் வந்துடுவாரு. அவருக்குப் பெரிசு சின்னதுன்னு கிடையாது, எல்லாம் துண்டுதான்.”

“ஒரே நிமிஷம்க்கா. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லிடறேன்.”

“பத்து மணியிலேர்ந்து அந்த ஒரு நிமிஷம்தான் ஓடிக்கிட்டிருக்கு.”

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் அந்த யார்டின் முதலாளி. ஏதோ ஒரு லாரியிலிருந்து பிடுங்கிய டிரைவர் சீட்டை நிழலான மூலையில் போட்டு, அதிலேயே உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். சீட் பெல்ட்கூடப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டால், “தூங்கி விழுந்திடக் கூடாதுல்ல” என்பார்.

அவர் முன்னால் கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தவனுக்கு அவசரம் என்று பெயர். வீட்டில் வைத்தது வேறு; அதைச் சொல்லி அழைப்பது இப்போது அம்மாவும் சம்பளச் சீட்டும் மட்டும்தான். டீயை ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான். எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதிலை முடித்துவிடுவான். அப்படிப்பட்டவன் இன்று காலையிலிருந்து ஒரு பதிலும் சொல்லாமல் நிற்பதுதான் அக்காவுக்கு ஆச்சரியம்.

அவனுக்கு முன்னால் மண்ணில் இரண்டு பின் ஆக்சில்கள், பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும் அச்சுகள், கிடந்தன. சின்னது, தேய்ந்துபோன ஆக்சிலோடு நிற்கும் அவனுடைய பழைய ஜீப்புக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. அதே மாடலிலிருந்து கழற்றியது. நாலு யூ போல்ட்டை மாட்டி இறுக்கினால் வேலை முடிந்தது. பெரியது ஒரு சரக்கு லாரிக்கு அடியில் இருந்தது. நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கூடு நல்ல முற்றிய பூசணிக்காய் அளவு. ஒரு பக்கத்தை இரண்டு பேர் தூக்கினால் மறுபக்கம் தரையை விட்டு அசையவே அசையாது.

“எனக்கு ஒண்ணு புரியல,” என்றார் அக்கா. “அதுவும் வண்டியத் தள்ளுது, இதுவும் வண்டியத் தள்ளுது. இதுல என்ன இவ்வளவு யோசனை?”

இந்த மாதிரி யாராவது ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்றுதான் அவன் எட்டு மாதமாகக் காத்திருந்தான். உடனே பெரிய ஆக்சில் பக்கத்தில் குத்த வைத்துவிட்டான்.

“கேளுங்கக்கா. சின்னதுக்குள்ள ஒரு சாஃப்ட், அதான் சுத்தற கம்பி, இருக்கு பாருங்க, அது சக்கரத்தையும் சுத்தணும், வண்டி பாரத்தையும் தாங்கணும். ஒரே ஆளுக்கு ரெண்டு வேலை. பாறையில மாட்டி அது ஒடைஞ்சுதுன்னு வைங்க, சக்கரமும் சொல்லாம கொள்ளாமக் கழண்டு போயிடும். வண்டி அங்கேயே படுத்துக்கும். பெரிசுல அப்படிக் கிடையாது. பாரத்தை இந்தக் குழாய் தாங்கிக்கும். சாஃப்ட்டுக்குச் சுத்தறது மட்டும்தான் வேலை. ஒடைஞ்சா எட்டு போல்ட்டைக் கழட்டி, சாஃப்ட்டை உருவிப் போட்டுட்டு, ஓட்டையில துணியை அடைச்சிட்டு, முன் சக்கரத்து இழுவையிலயே மெதுவா வீடு வந்து சேரலாம்.”

“அப்ப சின்னதை எவன் வாங்குவான்?”

“எல்லாரும்தான்! லேசுக்கா. மண்ணுல பொதையாது, கல்லுல இடிக்காது. ஒடைஞ்சா என்ன, கூட வர்ற வண்டி கயிறு கட்டி இழுத்துட்டு வந்துடும்.”

“உன்கூட எத்தனை வண்டி வருது?”

அவசரம் போனை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். “வண்டி ஒண்ணுதான். ஆளு ரெண்டு. நானும் என் ஃப்ரெண்டும்.”

“அந்த ஒரு நிமிஷ ஃப்ரெண்டா?”

“அவனேதான்.”

அந்த ஃப்ரெண்டுக்கு நெட்டை என்று பெயர். காரணம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். வண்டியில் பாதி அவனுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏலத்தில் எடுத்து, வரிசையாக ஷட்டர் போட்ட ஒரு கட்டடத்தில் ஒரு ஷட்டரை வாடகைக்குப் பிடித்து, சனி ஞாயிறு எல்லாம் அதன் அடியிலேயே கிடந்தார்கள். போகவேண்டிய இடத்தையும் நெட்டைதான் கண்டுபிடித்தான். வரைபடத்தில் சாலை இல்லை, ஊர் இல்லை, பெயர்கூட இல்லை, வெறும் வெள்ளையாக ஒரு திட்டு. குறுக்கே கடக்க ஐந்து நாள் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். “வெள்ளைக்குப் போறோம்டா” என்பது அவர்களுக்குள் ஒரு வணக்கம் மாதிரி ஆகிப்போனது.

நெட்டையின் கால்கள் உள்ளே அடங்காததால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடிப்பட்டையில் புதிதாக ஓட்டை போட்டு, சீட்டை நான்கு விரல் பின்னுக்குத் தள்ளி மாட்டியிருந்தார்கள். அவன் ஒரு எடைப் பைத்தியம் வேறு. போல்ட்டில் நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் துண்டை அறுத்துப் போடுவான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிப் பயணப் பையில் வைத்தவன் அவன். “ஒவ்வொரு கிலோவும் மண்ணுல நம்மளைப் பொதைக்கும் மச்சான்” என்பான். ஸ்டெப்னியைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பான்.

அவர்களிடம் ஒரே ஒரு அளவு டேப் இருந்தது. முனையில் இருக்கும் கொக்கி ஆடும், முதல் எண்கள் தேய்ந்து மறைந்துவிட்டன. அதனால் நெட்டை எப்போதும் பத்தாம் சென்டிமீட்டர் கோட்டை விளிம்பில் வைத்துப் பிடிப்பான். மறுமுனையில் அவசரம் எண்ணைப் படித்துப் பத்தைக் கழித்துக்கொள்வான். முதல் வாரம் “பத்திலிருந்து பிடி” என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கப்புறம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் நெட்டைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. “ஆறு மணி நேரப் பயணம்தானே, மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துடுவேன்” என்றான். முதல் மாதம் இரண்டு தடவை வந்தான். அடுத்த மாதம் ஒரு தடவை. பிறகு போனில் கட்டைவிரல் படம் வந்தது. இப்போது அந்தக் கட்டைவிரல் வருவதற்கே இரண்டு நாள் ஆகிறது.

“கொஞ்சம் இந்த முனையைப் பிடிங்கக்கா,” என்றான் அவசரம். “அகலம் சரியா வந்தா பெரிசு. வரலைன்னா பேச்சே இல்ல, சின்னதுதான்.”

அக்கா முனகிக்கொண்டே சீட்டிலிருந்து எழுந்து வந்தார். டேப்பின் முனையை வாங்கி, பெரிய ஆக்சிலின் விளிம்பில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். அவசரம் மறுகோடிக்கு ஓடினான். நூற்று அறுபத்து நான்கு. பத்து போனால் நூற்று ஐம்பத்து நான்கு. அவனுடைய வண்டியின் முன் ஆக்சில் நூற்று ஐம்பத்து நான்கு.

“அக்கா! ஒரு சென்டிமீட்டர்கூட மாறலக்கா!”

“நல்லதாப் போச்சு. விடட்டுமா? குனிஞ்சா இடுப்பு பிடிக்குது.”

அவன் அதற்குள் போனில் ‘சேறே துணை’ குழுவுக்குச் சேதி போட்டுவிட்டான். காட்டு வழியில் வண்டி ஓட்டுகிறவர்கள் குழு அது. முந்நூறு பேர். அதில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலை மணல் குவாரி வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்கெல்லாம் வண்டியைக் கழுவிவிடுகிறவர்கள். ‘பெரிசு அகலம் ஜாஸ்தி, உன் வண்டிக்குப் பொருந்தாது தம்பி’ என்று ஒரு வாரமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் டீசல் மாமா என்பவர். அவசரம் எழுதினான்: ‘டீசல் மாமா கவனத்துக்கு. 154. டேப் பொய் சொல்லாது!!!’

உடனே பதில் வந்தது: ‘டேப் சொல்லாது தம்பி. பிடிக்கிறவன் சொல்வான்.’ கூடவே எட்டு சிரிப்பு முகங்கள்.

அப்போதுதான் நெட்டையின் பதிலும் வந்தது. காலையிலிருந்து அவசரம் நான்கு குரல் சேதி அனுப்பியிருந்தான். நான்கிலும் ஆக்சிலைப் பற்றித்தான் கேட்டிருந்தான். எடை இவ்வளவு, பல் கணக்கு முன் ஆக்சிலோடு ஒத்துப்போகிறது, சக்கரத்துக்கு ஆறு போல்ட், நமக்கும் ஆறுதான், உன் கருத்து என்ன மச்சான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் வந்திருந்தது.

‘பெருசை எடுடா. அதான் சேஃப்.’

அவசரம் அதை ஒரு தடவை படித்தான். பிறகு இன்னொரு தடவை படித்தான்.

பெரியது சின்னதைவிட அறுபது கிலோ கூடுதல். பிரஷ் கைப்பிடியை வெட்டியவன் அறுபது கிலோவை இப்படி ஒரு வரியில் ஏற்றுகிறான். ‘கீழ இடிக்குமேடா’ என்று ஒரு சண்டை இல்லை. ‘உனக்குப் பைத்தியமா’ என்று ஒரு திட்டு இல்லை. அந்த வண்டியில் தான் உட்காரப் போவதில்லை என்று தெரிந்த ஒருவன்தான் அப்படிச் சொல்ல முடியும். அவசரத்துக்கு அது புரிந்தது. புரிந்ததை அப்படியே மடித்து எங்கேயோ உள்ளே செருகிவிட்டு, சத்தமாகச் சொன்னான்.

“பெரிசுக்கா. அதையே ஏத்திடுங்க. ஸ்பேர் சாஃப்ட் ரெண்டும் வேணும். முன்னாடிக்கும் சேர்த்து சக்கரம் நாலு.”

“உன் ஃப்ரெண்டும் அதைத்தான் சொன்னானா?”

“ஆமாக்கா.”

“அப்புறம் ஏன் தம்பி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

“வெயில்க்கா.”

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தார். அவர் இருப்பது அவனுடைய பெரிய அக்கா வீட்டில். சனிக்கிழமை ஆனால் ஆறு மணிக்குப் போன் வரும். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, அந்த வண்டியை விற்கப் போகிறாயா இல்லையா என்று கேள்விகள் வரிசை மாறாமல் வரும்.

“எங்கேயோ ஆளில்லாத இடத்துக்குப் போறேன்னு சொன்னியே. யாரு கூடடா போற?”

“நெட்டைதாம்மா. வேற யாரு.”

“அவன் வர்றான்னா சரி. அவன் பொறுமையான பையன். நீ பாட்டுக்கு வண்டியை எங்கேயாவது விட்டுடுவ.”

“என்னம்மா நீ, பெத்த பிள்ளையைவிட அவன் மேல நம்பிக்கை.”

“பெத்ததனாலதான்டா சொல்றேன்.”

அவசரம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். உயரமான கட்டடங்களில் லிஃப்ட்டின் மேல் ஏறி நின்று கயிற்றுக்கு எண்ணெய் போடுவான், அடியில் இருக்கும் குழியில் இறங்கி ஸ்பிரிங் பார்ப்பான். குழிக்குள் ஒருவர் தனியாக இறங்கக் கூடாது, மேலே இன்னொருவர் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கம்பெனியில் சட்டம். அவனோடு வரும் சீனியர் மேலே நிற்பார்தான். ஆனால் போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். “சார், இருக்கீங்களா?” என்று இவன்தான் கீழேயிருந்து குரல் கொடுக்க வேண்டும். “இருக்கேன் இருக்கேன்” என்று பதில் வர ஒரு நிமிடம் ஆகும். வேலை முடிந்து லிஃப்ட்டுக்குள் நின்று ஓட்டிப் பார்க்கும்போது ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். எல்லோரும் கதவுக்கு மேலே ஓடும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு நூறு பேரோடு மேலும் கீழும் போய்விட்டு ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குத் திரும்பிய நாட்கள் அவனுக்கு உண்டு.

அதனால் சனிக்கிழமை ஷட்டரைத் தூக்கியதும் அவன் சத்தமாகத்தான் வேலை செய்வான். ஸ்பேனரிடம் பேசுவான், வராத போல்ட்டைத் திட்டுவான், வந்த போல்ட்டைப் பாராட்டுவான்.

மூன்று சனிக்கிழமை ஆயிற்று. பழைய ஆக்சிலை இறக்கினான். பெரியதைச் செயின் பிளாக்கில் ஒரு பக்கம் தூக்கி, ஜாக்கில் மறுபக்கம் தூக்கி, இந்தப் பக்கம் நான்கு விரல், அந்தப் பக்கம் நான்கு விரல் என்று மாறி மாறி ஓடி ஓடி ஏற்றினான். இரண்டு பேர் பத்து நிமிடத்தில் செய்கிற வேலைக்கு அரை நாள் ஆனது. பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடத்தைக் குறிக்க டேப்பைத் தொடவே இல்லை. ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. ஸ்பிரிங்கிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது தொட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வெல்டிங் வைத்தான்.

ஆக்சிலின் முதுகில் சாக்பீஸால் ‘மேல’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. போன வருடம் நெட்டையும் அவனும் பழைய ஆக்சிலைக் கழற்றி, ஸ்பிரிங் உட்காரும் தாங்கியைப் புதிதாக வெல்டிங் வைத்து மாட்டினார்கள். முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் வண்டி பின்னால் பாய்ந்தது. ஆக்சிலைத் தலைகீழாக வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். வண்டிக்கு நான்கு ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன் கியர். அது பாய்ந்த வேகத்தில், எதிர் ஷட்டர் வாசலில் அடுக்கியிருந்த வாடகை நாற்காலிகள் நாற்பதும் தெருவில் உருண்டன. நாற்காலிக்காரர் கத்திக்கொண்டு ஓடி வர, நெட்டை உள்ளே சீட்டில் கால் இரண்டும் மேலே இருக்க, சிரிக்க மூச்சு இல்லாமல் கிடந்தான். அன்றிலிருந்து நாற்காலிக்காரர் இவர்கள் இருவரையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுவார்.

“என்ன ரிவர்ஸ், எங்க அந்த இன்னொரு ரிவர்ஸ்? ஆளையே காணோம்?” என்று எட்டிப் பார்த்தார் அவர்.

“வேலைண்ணே. வந்துடுவான்.”

“ஒண்டியாவா இதைத் தூக்கின? ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?”

கொடுத்திருக்கலாம்தான். அவசரத்துக்கு ஏனோ அது தோன்றவே இல்லை. நாற்காலிக்காரர் வண்டியில் ஆயிரம் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு எங்கோ ஆயிரம் பேர் உட்காரப் போகும் இடத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் சக்கரம் நான்கையும் மாட்டி, ஜாக்கை இறக்கினான். முதல் கியர். வண்டி முன்னால் போனது. இரண்டாவது கியர். அதுவும் முன்னால்தான். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினான். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததைப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் இல்லை என்பது மட்டும்தான் குறை. இறங்கி, வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து அழகு பார்த்தான்.

பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பின் டயர் இரண்டும் முன் டயரைவிட வெளியே துருத்திக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஐந்து சென்டிமீட்டர், அந்தப் பக்கம் ஐந்து சென்டிமீட்டர். மண்ணில் முன் சக்கரம் போட்ட தடத்தில் பின் சக்கரம் வராது. தனியாக ஒரு தடம் வெட்டிக்கொண்டு போகும். ஐந்து நாள் மணலில் ஓடினால் வெறும் இழுவைக்கே டீசல் பாதி தீர்ந்துவிடும்.

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். முனையை ஒரு காந்தத்தால் ஒட்டிவிட்டு மறுகோடியில் படித்தான். நூற்று அறுபத்து நான்கு.

யார்டில் அக்கா முனையைப் பிடித்த விதம் அப்போதுதான் கண் முன்னால் வந்தது. விளிம்பில் நுனியை வைத்து, பெருவிரலால் அழுத்தி. உலகத்தில் எல்லோரும் டேப்பை அப்படித்தானே பிடிப்பார்கள். பத்திலிருந்து பிடிக்கிறவன் ஒரே ஒருவன்தான். அவனுக்குச் சொல்லத் தேவையில்லாததை அக்காவுக்கும் சொல்லாமல் விட்டிருக்கிறான். பத்தை மட்டும் மறக்காமல் கழித்திருக்கிறான்.

எதையும் யோசிக்காமல் நெட்டைக்குப் போன் அடித்தான். குரல் சேதி இல்லை, நேரே போன். ஆச்சரியமாக இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

“மச்சான், பின்னாடி பத்து சென்டி ஜாஸ்தியா வருதுடா.”

நெட்டை மெதுவாகக் கேட்டான். “டேப்பை யாருடா பிடிச்சா?”

“யார்டு அக்கா.”

“பத்தைக் கழிச்சியா?”

அவசரம் டேப்பைச் சர்ரென்று சுருட்டினான்.

“கழிச்சிருக்க! டேய், கழிச்சிருக்கடா நீ!”

நெட்டை சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலி உருண்ட அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு, நடுவில் மூச்சு வாங்கி, இருமி, மறுபடி ஆரம்பிக்கிற சிரிப்பு. அவசரத்துக்கும் தொற்றிக்கொண்டது. வெறும் தெருவில் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்த ஷட்டருக்கு முன்னால் கேட்ட முதல் சிரிப்பு அது.

“சரி, அழாத,” என்றான் நெட்டை, கண்ணைத் துடைத்துக்கொள்வது குரலிலேயே தெரிந்தது. “சக்கரத் தட்டு ஒரு பக்கம் குழிவா இருக்குல்ல? குழிவு இப்ப வெளிய தெரியுதா?”

“தெரியுது.”

“திருப்பிப் போடு. குழிவு உள்பக்கம் போகட்டும். டயர் தானா உள்ள வந்துடும். ஒரு பக்கத்துக்கு அஞ்சு சென்டி கிடைக்கும், லாரி சக்கரம்ல. ஸ்பிரிங்ல உரசுதான்னு மட்டும் பாரு. வால்வ் உள்பக்கம் போயிடும், காத்து அடிக்கிறப்ப வண்டிக்கு அடியில படுத்துக்கணும், அவ்வளவுதான்.”

“அட! ஆமால்ல! நீ வந்து...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு, இவ்வளவு நாள் ஆக்சிலைக் கேட்கிற சாக்கில் கேட்காமலே விட்டதைக் கேட்டுவிட்டான். “மச்சான், நீ வர்றியா இல்லையா?”

எங்கோ பின்னால் ஒரு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“லீவு இருக்குடா,” என்றான் நெட்டை. “கேட்டா கொடுப்பாங்க. வேற பிரச்சனையும் ஒண்ணும் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆசை போயிடுச்சுடா. முன்ன அந்த வெள்ளையை நினைச்சா தூக்கம் வராது. இப்ப லீவு கிடைச்சா வீட்டுல சும்மா படுத்திருக்கலாம்னுதான் தோணுது. உன்கிட்ட பொய்யா ஒரு காரணம் சொல்லலாம்னு பார்த்தேன். நல்லதா ஒண்ணும் சிக்கல.”

“சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே.”

“அதான் சொல்லல.”

கோபம் வரும் என்று அவசரம் எதிர்பார்த்தான். வரவில்லை. வேலை என்றால் வேலையைத் திட்டலாம், ஊர் தூரம் என்றால் தூரத்தைத் திட்டலாம். ஆசை போய்விட்டது என்றால் யாரைத் திட்டுவது?

“அதுக்குத்தான் பெரிசை எடுக்கச் சொன்னியா?”

“நீ எப்படியும் போயிடுவன்னு தெரியும்டா. நீ யாரு, அவசரமாச்சே. ஒடைஞ்சா வீடு வந்து சேரணும்ல?” அப்புறம், “அறுபது கிலோடா. எனக்கே மனசு கேட்கல,” என்றான்.

“மாசம் ஒரு தடவையாவது போனை எடுடா, நெட்டை.”

“எடுக்கறேன்டா.”

எடுப்பான், இல்லை கட்டைவிரல் வரும். போனை வைத்துவிட்டு அவசரம் பின் சக்கரம் இரண்டையும் கழற்றித் திருப்பி மாட்டினான். டயர் உள்ளே வந்தது. ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் பின் சக்கரம் நின்றது.

ஆறு மணிக்கு அம்மாவின் போன். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா முடிந்து வழக்கமான கேள்வி வருவதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

“அம்மா, நெட்டை வரலம்மா. நான் தனியாத்தான் போறேன்.”

பின்னால் பெரிய அக்கா பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்ளும் சத்தம்.

“அந்தப் பெரிய இரும்பு ஒண்ணு வாங்கினியே, அது நல்லதா?”

“ரொம்ப நல்லதும்மா. ஒடைஞ்சாக்கூட வீட்டுக்கு வந்துடலாம்.”

“ஒடையாம வர்ற மாதிரி ஒண்ணு விக்கலையா?”

“அப்படி ஒண்ணு இன்னும் யாரும் செய்யலம்மா.”

“போடா,” என்றார் அம்மா. வேண்டாம் என்று சொல்லவில்லை. “தண்ணி நிறைய எடுத்துக்க. ரெண்டு பேருக்கு எடுத்துக்கற மாதிரி எடுத்துக்க.”

தண்ணீர்தான் அடுத்த சிக்கல். அறுபது லிட்டர் டேங்க் ஒன்று சுவரோரம் நின்றது. பின்னால் ஸ்பேர் சாஃப்ட், டீசல் கேன், ஸ்டெப்னி எல்லாம் போக இடம் இல்லை. கூரை மேல் வைத்தால் சரிவில் வண்டி சாயும். கச்சிதமாகப் பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து சீட் இருக்கிற இடம். நான்கு போல்ட். அந்த நான்கையும் நெட்டை நட்டோடு ஒட்ட அறுத்து, அரம் போட்டு வழவழப்பாக்கி வைத்திருந்தான்.

அவசரம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். முதல் போல்ட்டில் மாட்டினான். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கால் முன்னால் எட்டவே இல்லை. காலடியில் அவ்வளவு வெற்றிடம். அங்கே உட்கார்ந்து பார்த்தால் டிரைவர் சீட் காலியாகத் தெரிந்தது. நெட்டை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது தன்னைத்தான் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, போனை எடுத்து, ‘சேறே துணை’ குழுவைத் திறந்தான். வழக்கம்போல நினைப்பதற்குள் விரல் ஓட ஆரம்பித்துவிட்டது.

‘எல்லாருக்கும் வணக்கம். டீசல் மாமா, நீங்க சொன்னது சரி, டேப் பொய் சொல்லல, பிடிச்ச கதை பெரிய கதை, அப்புறம் சொல்றேன். இப்ப ஆக்சில் சூப்பரா உக்காந்துடுச்சு, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு அகலமும் சரி பண்ணியாச்சு. அடுத்த மாசம் கிளம்பறேன். ஒத்த வண்டி, ஒத்த ஆளு. திட்டறவங்க வரிசையா வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம். அறுபது லிட்டர் தண்ணி டேங்க் வைக்கணும். பக்கத்து சீட்டைக் கழட்டினா அளவெடுத்த மாதிரி உக்காரும், பாரமும் கீழயே இருக்கும். கழட்டலைன்னா கூரை மேலதான், சரிவுல ஆடும். கணக்குப்படி பார்த்தா கழட்டறதுதான் சரி. ஆனா போற வழியில யாராவது கை காட்டினா? இல்ல, கடைசி நிமிஷத்துல யாருக்காவது திடீர்னு ஆசை வந்து, நானும் வர்றேன்டான்னு வந்து நின்னா? அப்ப அவன் எங்க உக்காருவான்? நாலு போல்ட்தான், ஸ்பேனர் கையிலயே இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, நீங்களா இருந்தா கழட்டுவீங்களா, விட்டு வைப்பீங்களா?’